நான்காம் இருக்கையின் சாவி

சென்ற வாரம் கழக்கூட்டத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். நான் வேலை பார்த்த நிறுவனத்தில் இப்போது என் மேசையில் உட்காருகிறவள். நாகர்கோவில்காரி.

"அக்கா, ஒரு பழைய சாஃப்ட்வேர கிரிப்டோ லைப்ரரிக்க புது வெர்ஷனுக்கு மாத்திட்டிருக்கோம். சாவி உண்டாக்குற இடத்துல ரேண்டம் போதாதுன்னு சொல்லி நின்னு போகுது. முன்னால ஒருக்க இதே எரர நீங்க ஒரே வரியில நிறுத்தினீங்கன்னு இங்க சொல்லுதாங்க. அந்த வரி என்னன்னு சொல்ல முடியுமா?"

எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த அலுவலகத்தில் நான் கொடுத்த கடிதம் யாருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு வரி மட்டும் பெயரும் புகழுமாக இருக்கிறது. வரியை மட்டும் எழுதி அனுப்ப என்னால் முடியாது. ஆகவே இதை எழுதுகிறேன்.

முப்பத்து மூன்று வயதில் நான் ஓய்வு பெற்றவள் என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். வேலையை விட்டேன் என்று சொன்னால் அடுத்த வேலை எங்கே என்று கேட்கிறார்கள். அடுத்த வேலை இல்லை. விதுராவில் ஒரு வாடகை அறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். நிரல் எழுதும் வேலைக்கு இனி போகமாட்டேன். அதற்கு ஓய்வு என்ற சொல்தான் பொருந்துகிறது.

என் அப்பாவும் அம்மாவும் போனக்காடு மலையில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவள் நான். மலையாளத்தில் படித்து, ஆங்கிலத்தில் தேர்வெழுதி, பாலிடெக்னிக்கில் முதலாவதாக வந்து, அதற்குமேல் பட்டமும் வாங்கி, இருபத்திரண்டு வயதில் கழக்கூட்டத்துக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தேன். இதை அடக்கமாகச் சொல்லும் விதம் எனக்குத் தெரியவில்லை. கர்வம் இருந்தது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே பழவங்காடிக் கடைத்தெருவில் நடப்பேன். ஆனால் அலுவலகப் படிவத்தில் நிரந்தர முகவரி என்ற இடத்தில் விடுதியின் முகவரியைத்தான் எழுதினேன். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டு முகவரியை எழுதவில்லை. அதுவும் கர்வம்தான்.

எங்கள் குழுவுக்கு மேலதிகாரி ஹரிஹரன் சார். கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் வீடு. நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் ஒரு அடிக்கோல், ஒரு சிவப்புப் பென்சில். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாங்கள் எழுதும் நிரலைத் திரையில் பார்க்கமாட்டார். அகலத் தாளில் அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். அடிக்கோலை முதல் வரியின் கீழே வைப்பார். வரியைப் படித்து முடித்த பிறகுதான் கோல் ஒரு வரி கீழே இறங்கும். புரியாத வரியில் கோல் நின்றுவிடும். அவர் கேள்வி கேட்கமாட்டார், கோலையும் நகர்த்தமாட்டார். நாமாகப் பேச ஆரம்பிக்க வேண்டும். நாம் சொல்லும் விளக்கம் சரியாக இருந்தால் கோல் இறங்கும். இப்படி ஒரு நாளில் இருநூறு வரிகளுக்குமேல் அவர் படித்ததில்லை. பக்கத்துக் குழுக்களில் இதைக் கேலி செய்வார்கள். எங்கள் நிரல்தான் பிழையென்று திரும்பி வருவதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. தற்காலிகப் பதிவேடு. நீல அட்டை போட்ட பெரிய நோட்டு. ஆளுக்கு ஒரு பக்கம். வேலை நடப்பதற்காக அப்போதைக்கு ஏதாவது ஒட்டுப் போட்டால், எந்தக் கோப்பு, எந்த வரி, ஏன் போட்டோம், எப்போது எடுப்போம் என்று அதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எடுத்த பிறகு சிவப்புப் பென்சிலால் அவர் அடிப்பார். திங்கட்கிழமை காலையில் எல்லோரையும் உட்காரவைத்துப் பக்கம் பக்கமாக வாசிப்பார்.

என் பக்கத்து மேசை பிந்துவின் பக்கம் எப்போதும் நிரம்பி வழியும்.

"என்னம்மா பிந்து, ஒன் பேஜுக்கு இன்னும் ரெண்டு காயிதம் தச்சுத் தரட்டுமா?" என்பார் சார்.

பிந்து மலையாளத்திலேயே பதில் சொல்வாள். "எழுதியதுகொண்டல்லே சாரினு அறியான் பற்றியது?" எழுதியதால்தானே சாருக்குத் தெரிய வந்தது என்று. எல்லோரும் சிரிப்பார்கள். சாரும் சிரிப்பார்.

அடுத்த பக்கம் என்னுடையது. "அமுதா, காலி" என்பார். அவ்வளவுதான். அந்த இரண்டு சொற்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில்கூட நான் வேலை செய்திருக்கிறேன். இரண்டு வருடங்களாக என் பக்கத்தில் என் பெயரைத் தவிர ஒரு எழுத்து இல்லை.

இனி அந்த நிரலைப் பற்றி. நகரத்தில் ஒரு தேர்வு அலுவலகத்துக்கு நாங்கள் மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். விடைத்தாள் திருத்தும் முகாம்களிலிருந்து வரும் மதிப்பெண் தாள்களைப் பன்னிரண்டு பேர் பன்னிரண்டு இயந்திரங்களில் உட்கார்ந்து பதிவு செய்வார்கள். ஒவ்வொரு கட்டும் முடிந்ததும், அந்த இருக்கையின் இரகசியச் சாவி அந்தக் கட்டின்மேல் ஒரு மின் கையொப்பம் இடும். பிறகு கட்டு மைய இயந்திரத்துக்குப் போகும். வழியில் யாராவது ஒரு எண்ணை மாற்றினால் கையொப்பம் பொருந்தாது. எந்த இருக்கை கையொப்பமிட்டது என்பதும் தெரிந்துவிடும். சாவி உண்டாக்குவது, கையொப்பமிடுவது எல்லாவற்றையும் நாங்கள் எழுதவில்லை. அதற்கென்று ஒரு குறியாக்க லைப்ரரி உண்டு. நாங்கள் அதை அழைத்தோம்.

அந்த லைப்ரரியின் பழைய பதிப்பில் ஓட்டைகள் இருப்பதாக அறிவிப்பு வந்தது. அடுத்த முகாம் தொடங்குவதற்குள் புதிய பதிப்புக்கு மாற வேண்டும் என்று தேர்வு அலுவலகம் கேட்டது. வேலை எனக்கு வந்தது. மூன்று வாரம்.

முதல் நாள் புதிய பதிப்போடு சேர்த்துத் தொகுத்தபோது பிழைகள் திரையில் மேல்நோக்கி ஓடிக்கொண்டே இருந்தன. அதற்கெல்லாம் நான் பயப்படவில்லை. அச்செடுத்து ஒவ்வொன்றாக அடித்தேன். சில செயல்களின் பெயர் மாறியிருந்தது. சிலவற்றுக்குக் கொடுக்க வேண்டியவற்றின் வரிசை மாறியிருந்தது. முன்பு தானே துடைத்துக்கொண்ட நினைவகத்தை இப்போது நாம் துடைக்க வேண்டியிருந்தது. இரண்டு வாரத்தில் ஒரு பிழைகூட இல்லாமல் தொகுத்துவிட்டேன். பிந்து என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, "எடீ, நினக்கு வட்டுண்டோ?" என்றாள். உனக்குப் பைத்தியமா என்று. எனக்கு அது பாராட்டாகக் கேட்டது.

ஓடவிட்டேன். சாவி உண்டாக்கும் இடத்தில் நின்றது. தற்செயல் எண்களுக்கான விதை போதவில்லை என்று ஒரு வரி.

இதை மட்டும் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். சாவி என்பது யாரும் ஊகிக்க முடியாத ஒரு பெரிய எண். ஊகிக்க முடியாமல் இருக்க, அது தற்செயலிலிருந்து பிறக்க வேண்டும். கணினிக்குத் தற்செயல் தெரியாது. யாராவது வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். ஒருவர் விசைகளைத் தட்டும் இடைவெளி, மவுஸை அசைக்கும் விதம், இப்படி எதையாவது. அந்த வகை இயந்திரங்களில் அதைச் சேகரித்துத் தரும் ஏற்பாடு இல்லை. பழைய பதிப்பு இதைப் பற்றிக் கேட்டதே இல்லை. கையில் கிடைத்ததை வைத்து ஒரு சாவியைச் செய்து கொடுத்துவிடும். புதிய பதிப்பு மறுத்தது. என்னிடம் போதுமான தற்செயல் இல்லை, சாவி தரமாட்டேன் என்றது. பதிப்புகளுக்கு இடையில் மாறிய நூறு விஷயங்களில் ஒரு நாணயமான மாற்றம் அது. நான் அதைத் தொல்லை என்று நினைத்தேன்.

சரியான வழி எனக்குத் தெரியும். தற்செயலைச் சேகரிக்கும் சிறிய நிரல் ஒன்றைப் பன்னிரண்டு இயந்திரங்களிலும் நிறுவ வேண்டும். அதற்குத் தேர்வு அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். மூன்று வாரம் ஐந்து வாரமாகும். இணையத்தில் தேடினேன். முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: ஏதாவது ஒரு நீள வாக்கியத்தை விதையாகக் கொடு, வாயை மூடிக்கொள்ளும்.

ஒரு வரி எழுதினேன். நீளமாக ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. யாரும் அறியாத வாக்கியமாக இருக்கட்டும் என்று தோன்றியது. விரல்கள் தாமாகவே அடித்தன. போனக்காடு, டாப் டிவிஷன், ஏழாம் லைன், மூன்றாம் வீடு. எந்தப் படிவத்திலும் நான் எழுதாத முகவரி.

பிழை நின்றது. சாவி பிறந்தது.

மறுநாள் ஹரிஹரன் சாரின் அடிக்கோல் அந்த வரியில் வந்து நின்றது. 

"சும்மா ஒரு சென்டென்ஸ் சார். டெஸ்டுக்கு. ஒரிஜினல் விதை அப்புறம் போடணும்" என்றேன்.

"யாராத்து அட்ரஸ்?"

"யாருடையதும் இல்ல சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ இது டெம்பரரி. ரெஜிஸ்டர்ல எழுதிடறியா?"

"எழுதிடறேன் சார்."

கோல் இறங்கியது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டார்.

நான் நீல நோட்டை எடுத்தேன். என் பக்கத்தைத் திறந்தேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வெள்ளைப் பக்கத்தையே பார்த்தேன். இன்று வெள்ளிக்கிழமை, திங்கட்கிழமைக்குள் சரிசெய்துவிட்டால் எழுதவே தேவையில்லை என்று தோன்றியது. மூடி வைத்தேன்.

திங்கட்கிழமை சார் வாசித்தார். "அமுதா, காலி." ஒரு கணம் அவர் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. வரியை மாற்றிவிட்டேன் என்று நினைத்திருப்பார். அன்று மதியமே, அந்த வரி மாறாமலே, நிரலை நிறுவ என்னைத் தேர்வு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். மறந்துவிட்டேன் என்று எழுதினால் எளிது. அது பொய். இரண்டு மூன்று வாரம் எனக்கு நினைவிருந்தது. எல்லாம் ஒழுங்காக ஓடியது. அதன் பிறகுதான் மறந்தேன்.

தேர்வு அலுவலகக் கூடத்தில் நான்காம் இருக்கையில் இருந்தவர் செல்வராஜ் அண்ணன். பாறசாலைக்காரர். பதிவு செய்பவர்களில் மூத்தவர். நான் இயந்திரத்தில் குனிந்து தமிழில் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டார்.

"பிள்ள தமிழா? எந்த ஊரு?"

ஏன் என்று தெரியவில்லை, அவரிடம் உண்மையைச் சொன்னேன். "போனக்காடு. எஸ்டேட்டு."

"எம்மாடி! அந்த மலைக்க மேல இருந்தா இதெல்லாம் படிச்சு இறங்கி வந்த?" என்று சத்தமாகச் சொல்லி, பக்கத்து இருக்கைகளையெல்லாம் திரும்பிப் பார்க்க வைத்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது, பிடித்தும் இருந்தது. மதியம் அவர் மனைவி கட்டிக் கொடுத்த மரச்சீனிக் கிழங்கில் பாதியை எனக்கு வைத்தார்.

நிறுவும் நாளில் பன்னிரண்டு இயந்திரங்களையும் ஒன்றாக முடுக்கி, ஒவ்வொரு இருக்கைக்கும் புதிய சாவியை உண்டாக்கினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சாவி யாருக்க கையில இருக்கும்?"

"யார் கையிலயும் இல்ல அண்ணே. மெஷினுக்குள்ள. உங்க பாஸ்வேர்டு போட்டாத்தான் திறக்கும்."

"அப்ப நான் இல்லாம எனக்க கையெழுத்து விழாது."

"விழாது."

"எஸ்.எஸ்.எல்.சி. தோத்தவனுக்க கையெழுத்துக்கு இம்புட்டு மதிப்பா?" என்று சிரித்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னதாக மறுநாள் சொன்னார்.

இரண்டு வருடம் கழித்து அது நடந்தது. ஒரு மாணவி மறுகூட்டலுக்கு விண்ணப்பித்தாள். தாளை எடுத்துப் பார்த்தபோது அவள் தாள் இருந்த அதே கட்டில் வேறு ஆறு பேருக்குத் தாளில் உள்ளதைவிட அதிக மதிப்பெண் பதிவாகியிருந்தது தெரிந்தது. கட்டின்மேல் நான்காம் இருக்கையின் கையொப்பம். மதிய உணவு நேரத்தில் இடப்பட்டது. செல்வராஜ் அண்ணன் அந்த நேரத்தில் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்றார். அவரோடு உண்டவர்களுக்கு எந்த நாளில் யார் இருந்தார்கள் என்று நினைவில்லை.

எங்கள் நிறுவனத்திடம் தொழில்நுட்ப அறிக்கை கேட்டார்கள். ஹரிஹரன் சார் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். நான்தான் எழுதினேன். ஒரே பக்கம். இன்றும் எனக்கு மனப்பாடம். "இக்கையொப்பத்தை நான்காம் இருக்கையின் சாவியால் மட்டுமே இட இயலும். அச்சாவியை அதன் கடவுச்சொல்லை அறிந்தவரே பயன்படுத்த இயலும். வேறு எவராலும் இயலாது." நடை நன்றாக இருப்பதாக நினைத்து இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

விசாரணைக்கு என்னை அழைத்தார்கள். கதவு திறந்தே இருந்தது. வெளியே வராந்தா பெஞ்சில் செல்வராஜ் அண்ணனின் மனைவி கிரேஸ் உட்கார்ந்திருந்தார். உள்ளே நடப்பது அவருக்குக் கேட்கும். அண்ணன் என்னைக் கண்டதும் பாதி எழுந்தார்.

"பிள்ள, நீ உண்டாக்கின சாதனம்தான இது. உள்ளத உள்ளபடி சொல்லு. எனக்கு அது போதும்."

விசாரணை அதிகாரி அறிக்கையை உரக்க வாசித்தார். பிறகு கேட்டார். "இதற்கு ஒரு வழியும் இல்லையா? வேறு யாராவது அவருடைய கையொப்பத்தை இட?"

"இல்லை சார்" என்றேன். "கணிதப்படி இல்லை."

அண்ணன் மெல்ல உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நான் சொன்னதை அவரே நம்பிவிட்ட மாதிரி, தான் எப்போது அதைச் செய்தோம் என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. வெளியே வரும்போது கிரேஸ் அக்கா என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார்.

"கண்டிப்பா?"

"ஆமா அக்கா. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றேன்.

அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். நான் இரண்டு நாள் வருந்தினேன். நம்பிய மனிதர் இப்படிச் செய்துவிட்டாரே என்றுதான் வருந்தினேன்.

மூன்று வருடங்களுக்குப் பிறகு அந்த லைப்ரரியின் இன்னொரு புதிய பதிப்பு வந்தது. அதே நிரல், மறுபடியும் நான். இந்த முறை பழைய சாவிகளை நீக்குவதற்கு முன் அவற்றின் பட்டியலை அச்செடுத்து வைக்க வேண்டும் என்று ஒரு விதி. ஒவ்வொரு சாவிக்கும் விரல் ரேகை என்று சொல்லப்படும் ஒரு சுருக்க எண் உண்டு. இரண்டு சாவிகளின் ரேகை ஒன்றாக இருக்காது. புதிய பதிப்போடு வந்த கருவி அந்தப் பட்டியலை ரேகைப்படி வரிசைப்படுத்தியே கொடுத்தது. காலை பதினோரு மணி. தேநீர்க் கோப்பையை வைக்க இடம் பார்த்துக்கொண்டே தாளை எடுத்தேன்.

மூன்றாவது வரியிலும் நான்காவது வரியிலும் ஒரே ரேகை இருந்தது.

அச்சு இயந்திரம் ஒரு வரியை இரண்டு முறை அடித்துவிட்டது என்று நினைத்தேன். மறுபடி அச்செடுத்தேன். ஹரிஹரன் சாரைப் போல ஒரு அடிக்கோலை எடுத்து வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஒரு வரியின் முனையில் இருக்கை நான்கு என்று இருந்தது. அடுத்த வரியின் முனையில் இருக்கை ஒன்பது.

நிரலைத் திறந்தேன். என் வீட்டு முகவரி அங்கே இருந்தது.

பிறகு எல்லாம் எளிதாகப் புரிந்தது. ஒவ்வொரு இயந்திரத்திலும் விதை ஒன்றுதான், என் முகவரி. அதோடு லைப்ரரி தானாகச் சேர்த்துக்கொண்டது, இயந்திரம் ஒவ்வொரு நிரலுக்கும் கொடுக்கும் ஒரு சிறிய வரிசை எண்ணை மட்டும். பன்னிரண்டும் ஒரே மாதிரி இயந்திரங்கள். ஒன்றாக முடுக்கினேன். நான்கிலும் ஒன்பதிலும் அந்த எண் ஒன்றாகிவிட்டது. ஒரே விதை, ஒரே எண், ஒரே சாவி. ஒன்பதாம் இருக்கையில் தன் கடவுச்சொல்லோடு உட்கார்ந்த ஒருவர், கட்டின் தலைப்பில் நான்கு என்று எழுதியிருந்தால் போதும். நான் பார்த்த கணிதம் முழுவதும் அந்தக் கையொப்பத்தை அண்ணனுடையது என்றே சொல்லும்.

ஒன்பதாம் இருக்கையில் இருந்தவரைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவர் செய்தார் என்றும் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி ஒரு முறை சொல்லிவிட்டேன்.

மேலாளர் என்னைவிட இளையவர். தாளைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "அமுதா, ஆ கேஸ் கழிஞ்ஞு. முடிஞ்ச கேஸ். புது வெர்ஷன்ல பிரச்சினை இல்லையே? பின்னே எந்தினா?" என்றார். பிறகு எதற்கு என்று. புதிய பதிப்பில் பிரச்சினை இல்லைதான். இந்த முறை விதையைச் சரியாகப் போட்டிருந்தேன்.

அன்று மாலையே கோட்டைக்குள் ஹரிஹரன் சார் வீட்டுக்குப் போனேன். தாளையும் பழைய நிரலின் அச்சையும் மேசைமேல் வைத்தேன். ஓய்வு பெற்ற பிறகும் அடிக்கோல் பக்கத்திலேயே இருந்தது. வரி வரியாக இறக்கிக்கொண்டே வந்து அந்த வரியில் நிறுத்தினார். இந்த முறை அவரே பேசினார்.

"இந்த எடத்துல நான் நின்னேன் இல்லையோ?"

"நின்னீங்க சார்."

"நீ எழுதலை?"

"எழுதலை சார். பேஜ் காலியா இருக்கணும்னு."

அவர் அடிக்கோலை எடுத்து ஓரமாக வைத்தார். "திங்கக்கிழமை வாசிக்கறச்சே எனக்கு ஞாபகம் வந்தது. ரெஜிஸ்டர்ல இல்லையே, நீ மாத்திருப்பேன்னு விட்டுட்டேன். காலி, காலின்னு நான்னா ஒன்னை அப்படி ஆக்கினேன். சரி, எழுது. என் பேரையும் சேத்து எழுது."

இருவரும் கையெழுத்திட்டுத் தேர்வு அலுவலகத்துக்கு மூன்று பக்கக் கடிதம் கொடுத்தோம். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. விசாரணை முடிந்து கோப்பு மூடப்பட்டது. பழைய இயந்திரங்கள் கழிக்கப்பட்டன. ஒரே நபர் ஒரே பொருளில் முன்பு கொடுத்த அறிக்கைக்கு மாறாக இப்போது கொடுப்பதை ஏற்க இடமில்லை. இவ்வளவுதான். அந்த வாரமே வேலையை விட்டேன்.

பதிலின் நகலை எடுத்துக்கொண்டு பாறசாலைக்குப் போனேன். செல்வராஜ் அண்ணன் வாழைக்குலை இறக்கும் வேலைக்குப் போய்வந்து முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. "பிள்ளையா? வா" என்றார், நேற்றுப் பார்த்தவர் மாதிரி. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். விதை, எண், இரண்டு ஒரே வரிகள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நான் செய்யேலன்னு ஆச்சா?"

"அப்படி இல்ல அண்ணே. நீங்கதான் செஞ்சீங்கன்னு சொல்ல முடியாதுன்னு ஆச்சு."

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமே" என்றார். குரலில் குத்தல் இல்லை. வீட்டின் உள்பக்கம் தலையசைத்தார். "எனக்கிட்ட சொல்லி என்னத்துக்கு? அவளுக்கிட்ட சொல்லு. அன்னைக்கு அந்த பெஞ்சில இருந்து எழும்பி வந்தவ, இதுவரைக்கும் ஏன் செஞ்சீயன்னு ஒரு வாக்கு கேட்டதில்ல. கேட்டிருந்தா நான் செய்யேலன்னு சொல்லியிருப்பேன். கேக்க மாட்டா. படிச்ச பிள்ள கண்டிப்பான்னு சொன்ன பொறவு அவ எதுக்குக் கேக்கணும்? சோறு வைப்பா, துணி துவைப்பா. வேதம் வாசிக்கும்போ எனக்காக மன்னிப்புக் கேட்டு ஜெபிப்பா. சுவருக்கு இந்தப் பக்கம் கிடந்து நான் அதக் கேட்டுட்டே இருப்பேன்."

கிரேஸ் அக்கா அடுக்களையில் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். என் தப்பு என்றேன். ஒரே சாவி இரண்டு இருக்கைகளில் இருந்தது, அது தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றேன். வேறு யாராலும் முடியாது என்று நான் சொன்னது பொய் என்றேன். அவர் கத்தியை நிறுத்தவில்லை. எல்லாம் முடிந்த பிறகு நிமிர்ந்தார்.

"அன்னைக்கு நான் கேட்டேன், கண்டிப்பான்னு."

"ஆமா அக்கா."

"அன்னைக்கும் நீதான் சொன்ன. இன்னைக்கும் நீதான் சொல்லுத. அவரு செய்யேலன்னு இப்ப உன்னால சொல்ல ஒக்குமா?"

என்னால் முடியவில்லை. கணிதப்படி முடியாது. ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். முன்பு ஒரு முறை இதே ஆளிடம் சொன்னதுதானே, தெரியாமலே. இந்த முறை என் வாய் திறக்கவில்லை.

அவர் மறுபடியும் கிழங்கை எடுத்தார். "உங்களுக்கெல்லாம் படிப்பு உண்டு. எங்களுக்கு நீங்க சொல்லுறதுதான்" என்றார்.

அண்ணன் பேருந்து நிறுத்தம் வரை வந்தார்.  தூரத்தில் பேருந்து திரும்பியபோது என் பையை என்னிடம் கொடுத்தார்.

"இனி வரண்டாம் பிள்ள" என்றார். "நீ வந்தா அவளுக்கு எல்லாம் மறுபடி முதல்ல இருந்து வரும். இப்ப அவ எனக்காக ஜெபிக்காளே. அதாவது இருக்கட்டும்."